பத்து வீட்டுக் காசு, பன்னிரண்டு சொல்

வெதுருகுப்பம்
4-8-2025

மாமாவுக்கு தேவயானி எழுதுவது.

நானும் யமுனாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன வாரம் சித்தூர் ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "உன் தம்பி எதுக்குக் கூட வந்தான்?" என்பது. விடியலில் கிளம்பி பஸ் மாறி வந்தவளைப் பார்த்து, துன்னியா என்று ஒரு வார்த்தை இல்லை. ஹேமநாத் ரேணிகுண்டாவில் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு எனக்குத் துணையாக வந்தான். அவனைப் பார்த்ததும் நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். அந்தக் கோபத்தில்தான் "இங்கேயே கிடந்து சாவு" என்று சொல்லிவிட்டேன். அது தப்புதான். ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இனி அங்கே வர மாட்டேன். வலைக்கு இரண்டு பக்கமும் முப்பது நாற்பது பேர் கத்துகிற இடத்தில் புருஷன் பெண்டாட்டி என்ன பேச முடியும்? எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் சொல்லுங்கள்.

ஆறு வழிச் சாலைக்கு நம் காலனியின் நிலம் போனது. நம் வீட்டை விட்டால் பத்து வீடு. கூலிக்காரர்களாக இருந்தவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் பட்டா கொடுத்த நிலம். அதற்கு வந்த காசை, "பேங்கில் போட்டால் தூங்கும், கிரிப்டோவில் போட்டால் ஓடும்" என்று சொல்லி ஒவ்வொரு வீடாக வாங்கினீர்கள். எல்லாவற்றையும் உங்கள் போனுக்குள் வைத்தீர்கள். ஏப்ரலில் விலை விழுந்தது என்று காதில் பட்டதும் அவர்கள் வந்து கேட்டார்கள். நீங்கள் போனைத் தூக்கி வறண்டு கிடக்கிற போர்வெல் குழிக்குள் போட்டீர்கள். அறுநூறு அடி. போலீசு என்ன செய்யும், ஏமாற்றினான் என்றுதான் எழுதிக்கொள்ளும்.

செங்கம்மா அத்தை தினமும் காலையில் வந்து நம் வாசலுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்துகொள்கிறாள். திட்டுவதில்லை. பத்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறாள். திட்டினால் பரவாயில்லை.

காசு இருக்கிறதா, இல்லையா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

தேவயானி


சித்தூர் ஜெயில்
12-8-2025

தேவயானிக்கு கோபிகிருஷ்ணன் எழுதுவது.

காசு இருக்கிறது. ஒரு பைசாகூடப் போகவில்லை. யமுனா தலைமேல் சத்தியம்.

அன்றைக்கு நடந்ததை நீ முழுசாகப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தாய். காசு கேட்டு வந்தவர்களில் பவன்குமார் என் கையைப் பின்னால் முறுக்கினான். இன்னொருத்தன் என் கட்டைவிரலைப் பிடித்துப் போன்மேல் அழுத்தினான். விரல் வைத்தால் பூட்டுத் திறந்துகொள்கிற போன் அது. திறந்ததும் பவன்குமார், "குடுங்கடா இங்க, எனக்குத் தெரியும், நான் எடுத்துப் பிரிச்சுத் தரேன்" என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தக் காசு திரும்பாது. தடுத்து நிறுத்த ஒரு பேங்க் கிடையாது, புகார் கொடுக்க ஒரு மேனேஜர் கிடையாது. அவன் நல்ல எண்ணத்தில் கேட்டானோ, கெட்ட எண்ணத்தில் கேட்டானோ. பிடுங்கிக்கொண்டு ஓடினேன். போர்க் குழி வாய் திறந்து கிடந்தது. போட்டுவிட்டேன். பத்து வீட்டுக் காசைக் காப்பாற்றத்தான் போட்டேன்.

போன் இல்லாமல் காசு எப்படி இருக்கும் என்று கேட்பாய். இருக்கும். அதற்கு வழி இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. இங்கே கடிதம் போவதும் வருவதும் பிரித்துப் படித்த பிறகுதான். ஜாமீன் கிடைக்கட்டும், வெளியே வந்த மறுநாள் எல்லாக் கணக்கையும் முடித்துவிடுவேன்.

ஊர்க் காசை வாங்கிப் போனில் வைத்தபோதே ஹேமநாத் சொன்னான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மாமா, செல்போன்றது சட்டைப் பாக்கெட்டு. கைச்செலவுக்கு வெக்கிற எடம். ஊர்க் காசை யாராச்சும் சட்டைப் பாக்கெட்டுல வெப்பாங்களா?" என்றான். அதற்கென்று பூட்டுப் போட்ட தனிக் கருவி விற்கிறார்கள், வாங்கு என்றான். நான் கேட்கவில்லை. இப்போது அவன் சிரிக்கட்டும். ஆனால் அவனை நம் வீட்டுப் பொருள் எதையும் குடைய விடாதே. செல்போன் கடைக்காரன், எதைப் பார்த்தாலும் புரிந்துகொள்வான்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போகாதே.

கோபி


வெதுருகுப்பம்
26-8-2025

மாமாவுக்கு,

உங்கள் சத்தியத்தை செங்கம்மா அத்தையிடம் சொன்னேன். "கீதுன்னு சொன்னானா? அப்ப எங்க கீதுன்னு கேட்டியா?" என்றாள். கேட்டேன், சொல்லவில்லை என்றேன். "உங்கிட்டயே சொல்லலையா" என்று எழுந்து போய்விட்டாள்.

அத்தை வீட்டுக்காரர் வெங்கடசாமி மாமனாருக்குக் கால் புண் பெரிதாகிவிட்டது. சர்க்கரை உடம்பு. அந்தக் காசில் திருப்பதியில் நல்ல ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வைத்திருந்தார்கள். இப்போது பாகாலாவில் ஒரு கம்பவுண்டர் வந்து கட்டுமட்டும் மாற்றிவிட்டுப் போகிறார். நாற்றம் தெருவரைக்கும் வருகிறது. என் போனை விற்று மூவாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

வீட்டைப் பூட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே இருப்பது உங்களுக்கு எவ்வளவு லேசாகத் தெரிகிறது. தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தை வரிசையை விட்டு நகர்த்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் யமுனாவை "காயின் பொண்ணு" என்று கூப்பிடுகிறார்களாம். தம்பி ரேணிகுண்டாவுக்கு வந்துவிடு என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினான். நீங்கள் சொன்ன ஒரே காரணத்துக்காக இருக்கிறேன்.

ஹேமநாத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வக்கீலுக்கு முதல் பீஸ் கொடுத்தது அவன்தான். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தேவயானி


சித்தூர் ஜெயில்
9-9-2025

தேவயானிக்கு,

இரண்டாவது தடவையும் ஜாமீன் மனு தள்ளுபடி. சாட்சியை அழித்தவன், வெளியே விட்டால் ஓடிவிடுவான் என்று சர்க்கார் வக்கீல் சொன்னார். போனைக் குழியில் போட்டது என் கழுத்துக்கே வந்துவிட்டது.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் குமாஸ்தா, அவர் மச்சான், கோர்ட்டில் டைப் அடிப்பவன் என்று எத்தனை காது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என்னோடு ஒரே அறையில் லோகேஸ்வரன் என்று ஒருத்தன் இருக்கிறான். புத்தூர்க்காரன், லாரி டிரைவர், அடிதடி கேஸ். நல்ல மாதிரி. எனக்குச் சோறு இறங்காத நாளில் அவன்தான் உருட்டிக் கொடுக்கிறான்.

வெங்கடசாமி சின்ன நைனாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கார்வேட்டிநகரம் திருவிழாவுக்கு நடந்த கால் அது. பொறுத்துக்கொள்ளச் சொல். நீயும் பொறு.

கோபி


வெதுருகுப்பம்
22-9-2025

மாமாவுக்கு,

முதலில் கெட்ட சேதி. வெங்கடசாமி மாமனாருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திருப்பதி பெரியாஸ்பத்திரியில். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அத்தை அதை என்னிடம் வந்து சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் கேட்டேன், "நான் இன்னா செய்யட்டும் அத்த? சொல்லு, செய்றேன்."

அவள் நம் சாமி அலமாரியைப் பார்த்தாள். "அந்த முடுப்பு எத்தினி வருசமா கட்டித் தொங்கிக்கினு கீது? சாமி கடனை வெச்சுக்கினு மனுசங்க கடன் தீருமாடி?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. யமுனா மூன்று வயதில் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது ஏழுமலையானுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்த முடுப்பு அது. அப்புறம் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு காசு. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. விளாம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதுதான் தடையாக நிற்கிறதோ என்று மனசு சொன்னது.

நேற்று முன்தினம் புரட்டாசி முதல் சனி. யமுனாவைக் கூட்டிக்கொண்டு அலிபிரியில் இருந்து திருமலைக்கு நடந்தே ஏறினேன். முடுப்பை மடியில் கட்டிக்கொண்டேன். படிக்குப் படி, அவர் வெளியே வரவேண்டும், பத்து வீட்டுக் காசும் போய்ச் சேரவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். மேலே போய் முழுமுடியும் கொடுத்தேன். யமுனா என் தலையைத் தொட்டுப் பார்த்து அழுதாள், அப்புறம் சிரித்தாள். பதினாறு மணி நேரம் வரிசை. உண்டியல் துணிக்குள் கையை விட்டு முடுப்பைப் போட்டபோது காசுகளின் சத்தம் கேட்டது. ஐந்து மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது.

இறங்கி வந்து கீழே பஸ் ஸ்டாண்டில் நானும் யமுனாவும் ஆளுக்கு இரண்டு இட்லி துன்னோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இந்தத் தடவை ஜாமீன் கிடைக்கும் மாமா. எனக்குத் தெரிகிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று வலைக்கு முன்னால் சொன்ன சொல்லை மறந்துவிடுங்கள்.

தேவயானி


சித்தூர் ஜெயில்
22-9-2025

தேவயானிக்கு,

இது தபாலில் வருகிற கடிதம் இல்லை. லோகேஸ்வரன் நாளை ஜாமீனில் வெளியே போகிறான். சோற்றுப் பருக்கையால் ஒட்டி அவனிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது.

ஐந்து மாதம் பொறுத்தேன். இனி முடியாது. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

போனில் அந்தக் கணக்கைத் திறந்த அன்று பன்னிரண்டு இங்கிலீஷ் சொல் காட்டியது. சாதாரண சொல்தான், நாய், பாலம், குளிர்காலம் என்கிற மாதிரி. அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் வைத்திருந்தால் போன் தொலைந்தாலும் உடைந்தாலும் வேறு ஒரு போனில் காசு எழுந்து வந்துவிடும். சொல் தொலைந்தால் போன் வேண்டும், போன் தொலைந்தால் சொல் வேண்டும். இரண்டும் போனால் யாராலும் முடியாது. அந்தச் சொல் யார் கையில் கிடைக்கிறதோ, காசு அவருடையது. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

போனிலேயே படம் எடுத்து வைக்கலாம். போனைத் திருடினவனுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. பீரோவில் வைக்கலாம். திருடன் முதலில் உடைப்பது பீரோ. திருடனும் கை வைக்காத இடம் வீட்டில் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். சாமி அலமாரியில் முடுப்பு தொங்கியது. ஏழுமலையான் காசை நம் பக்கத்தில் எந்தத் திருடனும் தொட மாட்டான். நீ அதை அவிழ்க்க மாட்டாய், அவிழ்த்தால் நேர்த்தி முறிந்துவிடும். நீ மாடு பிடித்துவரப் போயிருந்த நேரம், ஒரு முடிச்சைமட்டும் தளர்த்தி, காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் மடித்து உள்ளே சொருகித் திரும்பக் கட்டினேன். தப்புக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். குளித்துவிட்டு முடுப்பை அவிழ். காகிதத்தை எடு. ஹேமநாத்திடமே போ. ஆமாம், ஹேமநாத்திடமே போ, வேறு வழி இல்லை. புதுப் போனில் அந்தச் சொற்களைப் போடச் சொல். முதலில் சின்ன நைனாவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடு. கால் பிழைக்கட்டும். அப்புறம் மற்ற வீடு.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்காதே. வந்து சொல்கிறேன்.

கோபி


வெதுருகுப்பம்
27-9-2025

மாமாவுக்கு,

லோகேஸ்வரன் செவ்வாய்க்கிழமை மதியம் வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் மொட்டைத் தலையோடு கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு, "அம்மா, அவரு நல்லாத்தான் கீறாரு" என்றார். நின்றபடியே படித்தேன். படித்து முடிக்கிறவரைக்கும் அந்த மனிதர் தண்ணீர் கேட்கக் காத்திருந்தார். நான் கொடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குள் என் 22-ம் தேதிக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். நான் திரும்ப எழுத வேண்டாம்.

புதன்கிழமை காலையில் திருப்பதிக்குப் போனேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு ஆபீசில் இருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினார்கள். கடைசியில் வயசான ஒருவர் உட்கார வைத்துக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். ஒரு மஞ்சள் முடுப்பு, உள்ளே ஒரு காகிதம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். வெளியே மலைக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நின்றன. "அத்தனை பேரும் போடுறாங்கம்மா. எல்லா முடுப்பும் மஞ்சள்தான்" என்றார். அப்புறம், "சாமிகி இச்சிந்தி மள்ளி அடககூடதம்மா" என்றார். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாதாம். எனக்கும் தெரியும். நானும் வேறு யாராவது கேட்டு வந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மடியில் கட்டிக்கொண்டு அத்தனை படி ஏறினேனே. இடுப்பில் ஒரு முனை குத்திக்கொண்டே இருந்தது. காசு என்று நினைத்தேன்.

தேவயானி


சித்தூர் ஜெயில்
4-10-2025

தேவயானி,

இரண்டு கடிதமும் வந்தன. படித்தேன். ஒன்பது வருஷமாகப் போடாத முடுப்பை, நான் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோய்ப் போட்டாய் என்றால் ஊரில் ஒரு குழந்தை நம்புமா?

உள்ளதைச் சொல். நீ அவிழ்த்துப் பார்த்தாய். அல்லது ஹேமநாத் பார்த்தான். வக்கீல் பீஸ் கொடுத்தான் என்று எழுதினாயே, எந்தக் காசில் கொடுத்தான்? எவ்வளவு எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தைப் பத்து வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கேஸைமட்டும் முடித்துக் கொடுங்கள்.

இங்கே பேப்பர் படிக்கிற வார்டர் சொன்னார், அந்தக் காயின் விலை நாம் வாங்கினதைவிட மேலே போய்விட்டதாம். அதை வைத்துக்கொண்டு யார் உண்டியலில் போடுவார்கள்?

கோபிகிருஷ்ணன்


ரேணிகுண்டா
13-10-2025

மாமாவுக்கு,

தம்பி வீட்டிலிருந்து எழுதுகிறேன். காவல் காக்க அந்த வீட்டில் இனி ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஊரில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். பவன்குமார், "நல்லாக் கதை கட்டுறக்கா" என்றான். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். தோல் வெந்து இன்னும் ஆறவில்லை, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் கையை மட்டும் பார்த்தார்கள்.

அப்போது ஹேமநாத் கேட்டான், காசு வந்து சேர்வதற்கு மாமா உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நீள நம்பர் போட்டிருந்தாரே, யாரிடமாவது இருக்கிறதா என்று. பவன்குமார் போனிலேயே இருந்தது. அந்த நம்பரைப் போட்டால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். தன் போனில் வேண்டாம் என்று ஹேமநாத் பவன்குமாரையே போடச் சொன்னான். அவன் போட்டான். எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியாக உள்ளே வந்த தேதிகூட எழுதியிருந்தது, ஜனவரி. அதற்கப்புறம் ஒரு துளி வெளியே போகவில்லை. நானோ என் தம்பியோ எடுத்திருந்தால் அங்கே குறைந்திருக்கும்.

பவன்குமார் போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினான். அப்புறம் போனைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தரும் தங்கள் காசைப் பார்த்தார்கள். வெங்கடசாமி மாமனாரைக் கட்டிலோடு தூக்கிவந்து வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கீதே. இதோ கீதே. எடுக்க வராதா?" என்றார். ஹேமநாத், "வராது மாமா, யாராலயும் வராது" என்றான். அவர் திரும்பவும் கேட்டார். செங்கம்மா அத்தை போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

நம்பரை எழுதியிருக்கிறேன். உங்கள் வார்டரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை நம்ப வேண்டாம்.

ஒன்றுமட்டும் கேட்கிறேன். லோகேஸ்வரன் உங்களுக்குப் பழக்கமாகி ஐந்து மாதம். அவர் கையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தீர்கள். நான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருஷம்.

தேவயானி


சித்தூர் ஜெயில்
31-10-2025

தேவயானிக்கு,

உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

வக்கீல் அந்த நம்பரைப் பார்த்து, பேப்பரில் எடுத்துக் கோர்ட்டில் கொடுத்தார். காசை நான் துன்னவில்லை என்பதற்கு அது சாட்சியாம். ஜட்ஜ் ஜாமீன் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் வீட்டுப் பத்திரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும்.

வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். நீயும் யாரையும் கேட்காதே. வெளியே வந்தால் காசைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் வெளியே வரத் துடித்தேன். இப்போது எதற்கு வருவது? சின்ன நைனா கட்டிலில் கிடப்பார். நான் இரண்டு காலோடு அவர் எதிரே நடந்து போக வேண்டும். என்னால் ஆகாது. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, தோட்ட வேலை கொடுக்கிறார்கள், செய்துகொண்டு கிடக்கிறேன்.

ஹேமநாத்திடம் நான் எழுதினதைச் சொல்லாதே. சொல்லியிருந்தால் மன்னிக்கச் சொல்.

நீ இன்னொரு கல்யாணம் என்று யோசித்தாலும் நான் தடுக்க மாட்டேன். யமுனாவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு.

கோபி


ரேணிகுண்டா
6-11-2025

மாமாவுக்கு,

ஜாமீன் கையெழுத்து நேற்றே போட்டாயிற்று. ஒன்று ஹேமநாத். இன்னொன்று செங்கம்மா அத்தை.

நான் கேட்கவில்லை. காலனி வீட்டுப் பட்டாவைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவளே ரேணிகுண்டாவுக்கு வந்தாள். எதுக்கு அத்தை என்றேன். "அவன் உள்ள குந்திக்கினு சர்க்கார் சோறு துன்னா எனக்கு இன்னா வரும்? வெளிய வந்து மண்ணு சொமக்கட்டும். மாசம் ஆயிரமாச்சும் என் கையில வெக்கட்டும்" என்றாள். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிவிட்டீர்களானால் அவள் வீடும் போகும். அதையும் சொன்னாள். "ஓடமாட்டான். தைரியம் கெடையாது" என்றாள்.

ஹேமநாத்திடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மறைத்து வைப்பதில் எனக்கு இனி விருப்பம் இல்லை. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தான்.

இன்னொரு கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

வெளியே வந்து என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பத்து வீட்டுக்கும் நான் தனித்தனியாகப் போனேன். கோயில் முன்னால் கூட்டத்தில் சொன்னது போதாது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். உண்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மலையைப் பற்றிக் கேட்கவில்லை. போனைக் குழியில் போட்டதைக்கூட விட்டுவிட்டார்கள். திட்டினவர்களும் சரி, சோறு போட்டவர்களும் சரி, கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "கட்டின பொண்டாட்டி நீ. உங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

பவன்குமாரின் அம்மா கேட்டாள். வெங்கடசாமி மாமனார் கேட்டார். பன்னிரண்டு வயசுப் பெண், யமுனா கேட்டாள்.

பத்து வாசலிலும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். அதை நான் சொல்ல முடியாது, நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை மாலை விடுவார்களாம். ஹேமநாத் வெளியே நிற்பான். நான் வரவில்லை. வெதுருகுப்பத்தில் நம் வீட்டில் இருப்பேன். முதலில் என்னிடம் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பத்து வீட்டுக்குப் போங்கள்.

தேவயானி